ஈறு நோயும் உடல் நலமும்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சங்க அங்கத்தினர்களுக்கென எழுதப்படும் பாடங்களில் பயிர்க்கடன், தவணை, பங்குத் தொகை, நூல் கொள்முதல், துணி விற்பனை ஆகிய பொருள்களே வழக்கமாக இடம் பெறும். இம்மாதம் பல் ஈற்றைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணம் ஒரு நகைக் கடன் மனு.

வராக நதிப் பாசனத்தைச் சார்ந்த ஜெயமங்கலத்தில், ஆய்வின் பொருட்டுச் சங்க அலுவலகத்தில் அமர்ந்து பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் மனைவியின் தோட்டை அடகு வைக்க வந்தார். வயது ஐம்பத்திரண்டு. பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டார். கடன் எதற்கு என்று செயலாளர் கேட்டதற்கு, “பல் கட்ட” என்றார். மேல்வரிசையில் நான்கு பற்களே எஞ்சியிருந்தன. நான் விசாரித்தபோது அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: “சார், ஒரு பல்லுல சொத்தை இருந்துச்சுன்னா சொல்லுங்க. எல்லாம் ஆடி ஆடி விழுந்துபோச்சு. வலிச்சிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்ல?”

அன்றிரவு பல் துலக்கியபோது என் எச்சிலில் இரத்தம் கலந்திருந்தது. அது புதிதன்று, இரண்டாண்டுகளாக அவ்வாறே இருந்து வந்தது. இரத்தம் வரும் இடத்தில் தூரிகை படாமல் துலக்குவதே அறிவுடைமை என்று நான் எண்ணியிருந்தேன். பட்டம் பெற்ற எனக்கும், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்தக் கொடிக்கால்காரருக்கும் இவ்விஷயத்தில் அறியாமை ஒரே அளவாகவே இருந்தது. பின்னர் டாக்டரிடமும் நூல்களிலும் அறிந்தவற்றை இங்கே பாடமாகத் தருகிறேன்.

பல்லைத் தாங்குவது எது?

பல் ஈற்றில் நடப்பட்ட முளைக்குச்சி என்றே நம்மில் பலர் கருதுகிறோம். உண்மை அதுவன்று. பல்லின் வேர் தாடையெலும்பில் அமைந்த குழியினுள் இருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடி இரண்டையும் பிணைக்கின்றன. பாவும் ஊடையும் சேர்ந்து துணிக்கு உறுதி தருவதுபோல், இந்நார்கள் பல்லுக்கு உறுதி தருகின்றன. இவ்வமைப்பின் மேல் போர்த்திய தோலே ஈறு.

ஈறு பல்லைத் தொடும் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. நல்ல நிலையில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கோடிட்ட நுண்ணிய கம்பி ஒன்றை அதில் மெல்லச் செலுத்தி ஆழத்தை அளப்பது பல் வைத்தியரின் முதற்பணி. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் காட்டினால் அப்பள்ளம் பையாக மாறத் தொடங்கிவிட்டது என்பது பொருள். எனக்கு இரண்டு இடங்களில் 5 காட்டியது.

ஊத்தையும் காரையும்

நம் வாயில் நூற்றுக்கணக்கான வகை நுண்கிருமிகள் வாழ்கின்றன. அவை இருப்பது நோயன்று, இயற்கை. பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திற்குள்ளாகவே அவை மீண்டும் பல்லின் மேல் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. இதையே ஊத்தை என்கிறோம். நகத்தால் சுரண்டினால் வெளிறிய மாவுபோல வரும். இதை வெறும் நீரால் கொப்பளித்து நீக்க இயலாது. தேய்த்தே நீக்க வேண்டும்.

நீக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் சேர்ந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்குகிறது. இறுகியபின் அதற்குக் காரை என்று பெயர். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும், மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும் காரை மிகுதியாகப் படியும். எச்சில் சுரப்பிகளின் வாய்கள் அவ்விடங்களை ஒட்டித் திறப்பதே காரணம். காரையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. ஆதலால் அதன் மேல் புதிய ஊத்தை எளிதில் தங்குகிறது. காரையைத் தூரிகையால் அகற்ற முடியாது. பல் வைத்தியர் கருவியால்தான் அகற்ற வேண்டும்.

ஈற்றோரத்தில் ஊத்தை தங்கினால் உடல் வாளாவிருப்பதில்லை. கிருமிகளை எதிர்க்க அவ்விடத்திற்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசிகிறது. இது முதற்கட்டம், ஈற்றழற்சி எனப்படும். இக்கட்டத்தில் எலும்புக்குச் சேதமில்லை. நன்றாகத் துலக்கினால் ஈறு முற்றிலும் பழைய நிலையை அடையும்.

போராட்டம் நாட்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடித்தால் சிலருக்கு இரண்டாம் கட்டம் வருகிறது. கிருமிகளை எதிர்க்க உடல் ஏவிய படையே, பல்லைப் பிணைக்கும் நார்களையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. பள்ளம் பையாகிறது, பை ஆழமாகிறது, தூரிகை எட்டாத அவ்விருட்டில் ஊத்தை மேலும் சேர்கிறது. ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோல் தோன்றும், வாய் நாறும், பற்களிடையே சந்து விழும், இறுதியில் பல் ஆடும். முன்னோர் பயோரியா என்று வழங்கியது இந்நிலையையே. இழந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. மருந்தும் சுத்தமும் மேற்கொண்டு இழப்பைத் தடுக்கலாமேயன்றி, போனதை முழுவதும் கொண்டுவர இயலாது.

இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடைபெறும் என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். சொத்தை வலிக்கும், வலி நம்மை வைத்தியரிடம் அனுப்பும். ஈறு நோயில் அந்த அறிவிப்பு வருவதில்லை. இரத்தக் கசிவு ஒன்றே அது முன்கூட்டி அனுப்பும் நோட்டீஸ். அதையும் நாம் பொருட்படுத்துவதில்லை.

பன்னிரண்டு பேர் செய்த சோதனை

ஊத்தைதான் ஈற்றழற்சிக்குக் காரணம் என்பதை ஐயமற நிறுவிய சோதனை டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஹாரல்ட் லோ என்ற நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1965ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். நல்ல ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் ஈற்றழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. நல்ல ஈறும் மூன்றே வாரங்களில் கெடும். முதற்கட்டத்தில் கெட்ட ஈறு ஒரே வாரத்தில் சீராகும். எனவே இரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விடுவது நோயை வளர்ப்பதாகும். அவ்விடத்தைத்தான் மென்மையாகவும் பொறுமையாகவும் துலக்க வேண்டும். முதல் சில நாட்கள் இரத்தம் வரும், பிறகு நிற்கும். இரு வாரங்களாகியும் நிற்காவிடில் வைத்தியரைக் காண வேண்டும்.

இலங்கைத் தோட்டங்கள் கற்பித்த பாடம்

துலக்காமலே ஆயுள் முழுவதும் இருந்தால் என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை நமக்கு மிக அண்மையிலேயே கிடைத்தது. அதே லோ 1970ஆம் ஆண்டில் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 15 முதல் 30 வயதுவரையுள்ள 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டார். மலையகத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் யார் என்பதை நாம் அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்களே அவர்கள்.

அத்தொழிலாளர்கள் உடலுழைப்பில் உரமேறியவர்கள். பல் தூரிகையை அவர்கள் அறியார்கள். பல் வைத்தியம் அவர்களை எட்டியதில்லை. 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பரிசோதனை நடைபெற்றது. 1985இல் முதற்குழுவினரில் 161 பேர் எஞ்சியிருந்தனர். முடிவுகள் 1986இல் வெளியாயின.

அவர்களுடைய பற்களில் சொத்தை அநேகமாக இல்லை. ஆயினும் ஏறக்குறைய எல்லோருடைய ஈறுகளும் அழற்சியுற்றிருந்தன. நோய் முற்றிய வேகத்தைக் கொண்டு அவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் அதிவேகமாக வளர்ந்தது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களும், 40 வயதில் 20 பற்களும், 45 வயதில் எல்லாப் பற்களும் போயின. சுமார் 81 சதவீதத்தினருக்கு நோய் நடுத்தர வேகத்தில் சென்றது. முப்பதைக் கடந்தபின் பல் விழத் தொடங்கி 45 வயதில் சராசரி 7 பற்களை இழந்தார்கள். எஞ்சிய சுமார் 11 சதவீதத்தினருக்கு ஈற்றழற்சிக்கு மேல் நோய் முற்றவேயில்லை; அவர்கள் பற்களை இழக்கவுமில்லை.

ஒப்பு நோக்குவதற்காக நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் பல் பராமரிப்பைச் சிறுவயது முதல் பெற்ற மாணவர்களையும் கல்வியாளர்களையும் அதே முறையில் பரிசோதித்தனர். நாற்பது வயதை நெருங்கும்போது அவர்களுடைய பல்லின் பிடிமானம் சராசரி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கோ நான்கரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

2010ஆம் ஆண்டில் பழைய குழுவினரில் 75 பேரை மீண்டும் தேடிக் கண்டு பரிசோதித்து, நாற்பதாண்டுக் கணக்கை 2017இல் வெளியிட்டனர். முப்பது வயதுக்குள் பிடிமானம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இழந்தவர்களுக்கு, அறுபது வயதில் குறைந்தது 20 பற்களாவது நிற்கும் வாய்ப்பு மிகுதி என்று அது காட்டியது. அறுபதில் சோறு மெல்லுவது முப்பதில் துலக்கியதைப் பொறுத்தது என்று சுருங்கச் சொல்லலாம். அத்தொழிலாளர்கள் இழந்த பற்களைக் கொண்டு உலகம் பாடம் கற்றது. அப்பாடத்தை அவர்கள் உறவினராகிய நாம் கற்காமல் விடுவது முறையன்று.

இங்கே ஒரு மறுப்புக்கும் விடை கூற வேண்டும். “எங்கள் பாட்டனார் பல்லே விளக்கியதில்லை, தொண்ணூறு வயதிலும் கரும்பு கடித்தார்” என்று ஊருக்கு ஒருவர் சொல்வார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அப்பாட்டனார் அந்தப் பதினொரு சதவீதத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். ஆனால் நாம் எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதை முன்கூட்டி அறிவிக்க நம் முகத்தில் முத்திரை எதுவும் இல்லை. நூற்றில் பதினொருவரின் யோகத்தை நம்பி மற்ற எண்பத்தொன்பது பேரும் துலக்காமலிருப்பது விவேகமாகாது.

வெற்றிலையும் புகையிலையும்

கொடிக்கால் பயிரிடுவோரும், தறிக்குழியில் மணிக்கணக்காக அமர்ந்து நெய்வோரும் இப்பத்திரிகையின் வாசகர்கள். ஆதலால் இப்பகுதியை எழுதத் தயக்கம் இருக்கிறது. எனினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

ஈறு நோயை வளர்ப்பவற்றுள் முதன்மையானது புகையிலை. பீடி, சிகரெட்டு புகைப்போருக்கு எலும்பு அரிப்பு விரைவாக நடைபெறுகிறது. சிகிச்சையும் எளிதில் பலிப்பதில்லை. மேலும் ஒரு வஞ்சகம் உண்டு. புகையிலையின் நிக்கோட்டின் ஈற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் நோய் இருந்தும் இரத்தம் அதிகம் கசிவதில்லை. முன்னர்க் கூறிய அந்த ஒரே நோட்டீஸும் வந்து சேராமல் போகிறது. வேலை நேரத்தில் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கு, அது படும் இடத்தில் ஈறு கீழிறங்கி வேர் வெளிப்படும். வெண்படை தோன்றிப் புற்றாக மாறவும் கூடும். புகையிலை கலந்த பற்பொடிகளும் பற்பசைகளும் 1992ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டன. ஆயினும் புகையிலையைக் கருக்கிப் பல்லில் தேய்க்கும் பழக்கம் முற்றிலும் மறையவில்லை.

வெற்றிலைத் தாம்பூலம் எத்தகையது? உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை கலவாத தாம்பூலமும் புற்றுநோயை விளைவிக்கும் என்றும், பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்றும் வகைப்படுத்தியது. பாக்கை இடைவிடாது மெல்வதால் கன்னத்தின் உட்சதை இறுகி வாயைத் திறக்க இயலாமற் போகும் நோயும் உண்டு. இலை அவ்வாறு வகைப்படுத்தப்படவில்லை. கலியாணத் தாம்பூலத்திற்கும் கோயில் பூசைக்கும் நாம் வளர்க்கும் இலை குற்றவாளியன்று. அதனோடு சேரும் பாக்கும் புகையிலையுமே குற்றவாளிகள். நம் தொழிலுக்கு மதிப்பளித்தே இதைச் சொல்கிறேன். புகையிலையை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

சர்க்கரை நோயும் ஈறும்

கொடிக்கால்காரரின் கதையில் இன்னும் ஒரு செய்தி உண்டு. ஆறாண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். அதற்கும் பல் விழுந்ததற்கும் தொடர்பு உண்டென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய இரத்தக் குழாய்கள், ஆறாப் புண் ஆகிய ஐந்தும் சர்க்கரையின் விளைவுகளாக நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தன. மேலே இரு முறை குறிப்பிட்ட அதே ஹாரல்ட் லோ, ஈறு நோயே ஆறாவது விளைவு என்று 1993ஆம் ஆண்டில் எழுதினார்.

இத்தொடர்பு இரு வழியானது. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காதபோது கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் சீர்கெடுகிறது. புண் ஆறத் தாமதமாகிறது. ஆதலால் ஈறு விரைந்து கெடுகிறது. மறுபுறம், ஈறு நோய் முற்றியவருக்கு எல்லாப் பைகளின் உட்பரப்பையும் ஒன்றாக விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை ஆகும் என்று கணித்துள்ளனர். கையில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் நாம் சும்மா இருப்போமா? வாய்க்குள் மறைந்திருப்பதால் இருக்கிறோம். அந்த ஓயாத அழற்சியின் விளைபொருள்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலின் செயற்படுவதைத் தடை செய்கின்றன. ஆதலால் சர்க்கரை மேலும் ஏறுகிறது.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஈற்றுக்கு முறையான சிகிச்சை அளித்தால், எச்.பி.ஏ.1.சி. என்னும் மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரி 0.4 புள்ளி வரை குறைகிறது என்று பல சோதனைகளை ஒன்றுதிரட்டி 2022இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இது சிறு அளவே, சர்க்கரை மாத்திரைக்கு ஈடாகாது, ஆனால் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவே சர்க்கரையுள்ளவர் ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டுவதுபோல் ஈற்றையும் காட்ட வேண்டும். நடுத்தர வயதில் காரணமின்றிப் பல் ஆடுபவர் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 2021இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமே இப்பரிசோதனையைக் கேட்கலாம்.

எது உறுதி? எது ஐயம்?

ஈறு கெட்டால் இருதயம் கெடும், குழந்தை குறைப்பிரசவமாகும் என்றெல்லாம் விளம்பரங்களில் காண்கிறோம். வரவையும் பற்றையும் தனித்தனியே எழுதுவதுபோல் இதிலும் உறுதியானதையும் உறுதியாகாததையும் பிரித்தறிய வேண்டும்.

ஈறு நோயாளிகளிடம் இருதய நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்பது மெய். ஆனால் ஒன்று மற்றொன்றை விளைவிக்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என அமெரிக்க இருதயச் சங்கம் 2012இல் அறிவித்தது. புகையிலை, சர்க்கரை ஆகியவை இரண்டுக்கும் பொதுக் காரணங்கள் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் இருதய வால்வு பழுதுற்றவர்க்கும் செயற்கை வால்வு பொருத்தியவர்க்கும் வாய்க் கிருமிகள் இரத்தத்தில் சென்று வால்வைத் தாக்கக்கூடும் என்பது உறுதி. அத்தகையோர் பல் வைத்தியத்துக்கு முன் அச்செய்தியைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

கருவுற்ற பெண்டிருக்கு உடல் மாறுதலால் ஈறு எளிதில் வீங்கும். அக்காலத்தில் ஈற்றுச் சிகிச்சை தீங்கற்றது. ஆனால் அது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று பெரிய சோதனைகள் காட்டவில்லை. தாயின் நலனுக்காகவே அதைச் செய்ய வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியோரின் வாயைத் தினமும் சுத்தம் செய்தால் நுரையீரல் காய்ச்சல் குறைகிறது என்பதும் அறியப்பட்ட உண்மை. அவர்களைப் பராமரிக்கும் மகளும் மருமகளும் இதை நினைவிற்கொள்ளல் நன்று.

எல்லா ஈற்றுக் கசிவும் ஊத்தையால் வருவதன்று. காய்ச்சலோடு ஈற்றில் இரத்தம் வந்தால் டெங்கு போன்ற நோயாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்த நோய்களிலும், நெல்லி, கொய்யா, எலுமிச்சை முதலியவற்றில் உள்ள வைட்டமின் சி அறவே குறைந்தபோதும் ஈறு கசியும்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

1. காலையில் ஒருமுறை, இரவு உறங்குமுன் ஒருமுறை பல் துலக்குக. இரவுத் துலக்கலே முக்கியம். உறக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் கிருமிகளுக்கு அது அறுவடைக் காலம்.

2. மென்மையான தூரிகையை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்வாக வைத்துச் சிறு சிறு அசைவுகளாகத் தேய்க்க வேண்டும். உட்புறத்தையும் கடைவாயையும் விடலாகாது. இரண்டு நிமிடம் பிடிக்கும். அழுத்தித் தேய்த்தால் ஈறு தேயும்.

3. புளோரைடு கலந்த பற்பசை பட்டாணி அளவு போதும். செங்கற்பொடி, கரித்தூள், மணல், சாம்பல் ஆகியன பல்லைத் தேய்க்கும், வேண்டா.

4. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கெட்டவையல்ல. நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கி, ஈற்றைக் கீறாமல் தேய்த்தால் ஊத்தை போகும். ஆயினும் குச்சி முன்பற்களுக்கே எளிதில் எட்டும். கடைவாயின் உட்புறம் பெரும்பாலும் தப்பிவிடும்.

5. பற்களின் இடுக்கைத் தூரிகை தொடாது. அதற்கென விற்கும் நூலையோ சிறு இடுக்குத் தூரிகையையோ பயன்படுத்துக. ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி ஆகியன ஈற்றைக் குத்திப் புண்ணாக்கும்.

6. நெசவாளர்கள் இழையைப் பல்லால் கடித்து அறுப்பதைத் தவிர்க்க. பல்லின் விளிம்பில் பள்ளம் விழும். ஆடும் பல் மேலும் ஆடும்.

7. மூன்று மாதத்திற்கொருமுறை, அல்லது நார் விரிந்தவுடன், தூரிகையை மாற்றுக. ஒருவர் தூரிகையை மற்றவர் பயன்படுத்தலாகாது.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

காரையைச் சுரண்டி எடுத்தால் பல் ஆடும், சந்து விழும் என்ற அச்சம் நம் கிராமங்களில் பரவலாக உள்ளது. நானும் அஞ்சினேன். டாக்டர் விளக்கியது இது: எலும்பு ஏற்கெனவே கரைந்த இடத்தில் காரை அடைந்து நிற்கிறது, ஈறு வீங்கி நிற்கிறது. காரையை எடுத்ததும் வீக்கம் வடிகிறது. நோய் உண்டாக்கிய சந்து அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இடிந்த சுவரை மறைத்த குப்பையை வாரினால் இடிபாடு தெரிவது வாரியவன் குற்றமன்று. சில நாள் பல் கூசும்; பின்னர்த் தணியும். ஈறு இறுகி, ஆட்டமும் பல நேரங்களில் குறைகிறது.

பெரியகுளம் அரசு தலைமை மருத்துவமனையிலும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அங்கத்தினர்கள் விசாரித்துச் சிகிச்சை பெறலாம். சந்தையில் அமர்ந்து பல் பிடுங்குவோரிடமும், பதிவு பெறாதவரிடமும் வாயைத் திறக்க வேண்டா. பல் வைத்தியர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம்.

சங்கம் செய்யக்கூடியது

உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோர் முற்றிய ஈறு நோயால் துன்புறுவதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது. அத்தனை பேருக்கும் வைத்தியர் கிடைப்பது அரிது. ஆனால் தூரிகை கிடைப்பது அரிதன்று. பேரவைக் கூட்டத்தன்று பல் பரிசோதனை முகாம் ஒன்றை நடத்தித் தருமாறு மருத்துவமனைக்கு எழுதலாம். சங்கத்தின் பண்டகசாலையில் மென்தூரிகையும் இடுக்குத் தூரிகையும் விற்பனைக்கு வைக்கலாம். தறிக்கூடத்தில் வாய் கொப்பளிக்கக் குழாய் அமைக்கலாம். இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஒரு தீர்மானம் போதும்.

எனக்குக் காரை எடுத்து நான்கு மாதங்களாயின. இரத்தக் கசிவு நின்றுவிட்டது. 5 காட்டிய இடங்களில் இப்போது 4 காட்டுகிறது. அவற்றை வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டும் என்று டாக்டர் கூறியுள்ளார். சென்ற மாதம் ஜெயமங்கலம் சென்றபோது நகைக் கடன் பேரேட்டைப் பார்த்தேன். கொடிக்கால்காரர் தவணைக்கு முன்னரே பணத்தைக் கட்டித் தோட்டை மீட்டுக்கொண்டு போயிருந்தார். அவர் நாணயமானவர், கடன் பாக்கி வைப்பவரல்லர். வாயிலே ஒரு பாக்கி வளர்ந்ததை அவருக்கு எவரும் சொல்லவில்லை என்பதே குறை. அவருடைய மகனுக்கு வயது இருபத்தெட்டு. அவருக்கு இப்பாடத்தைப் படித்துக் காட்டும்படி செயலாளரிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. ஊத்தைக்கும் காரைக்கும் உள்ள வேறுபாடு யாது? எதைத் தூரிகையால் நீக்க இயலாது?
2. ஈற்றில் இரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விடுவது ஏன் தவறு?
3. சொத்தையே இல்லாத இலங்கைத் தோட்டத் தொழிலாளர்கள் பற்களை இழந்தது எதனால்?
4. சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் உள்ள இருவழித் தொடர்பை விளக்குக.
5. புகை பிடிப்பவருக்கு ஈற்றில் இரத்தம் வராதது நலத்தின் அறிகுறியா?
6. நம் சங்கம் இவ்வாண்டு இதன் பொருட்டு நிறைவேற்றத்தக்க தீர்மானம் ஒன்றை எழுதுக.